அமெரிக்காவின் சனி இரவும் நம் ஞாயிறு ஆராதனையும் ஒரே நேரத்தில் வருகிறது, என்ன செய்வது?

கோலிவாடா கிரேஸ் கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். எங்கள் தமிழ்ச் சபையில் பதினோரு வருஷமாக ஞாயிறு பள்ளி டீச்சர். ஊரார் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக் கொடுக்கிறேன். "உங்க பையன் எங்க, ஆளையே காணோம்?" என்று யாராவது கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை.

அவனுக்கு 17 வயது, பன்னிரண்டாவது படிக்கிறான். பழைய லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் விளையாடுவான், கட்டை கட்டையாக அடுக்கிக் கட்டுகிற விளையாட்டு. ஒரு வருஷமாக டிஸ்கார்ட் என்கிற அரட்டை ஆப்பில் கிறிஸ்தவ கேமர்கள் (வீடியோ கேம் ஆடுகிறவர்கள்) குழு ஒன்றில் இருக்கிறான். அமெரிக்கர்கள் அதிகம், பிலிப்பைன்ஸ்காரர்கள் சிலர், நைஜீரியப் பையன் ஒருவன். அவர்கள் கூடுவது சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு. அது நமக்கு ஞாயிறு காலை ஆறரை. முதலில் கொஞ்ச நேரம் விளையாட்டு, அப்புறம் ஒரு அதிகாரம் வாசிப்பு, ஜெபக் குறிப்பு, மறுபடியும் விளையாட்டு. முடிய ஒன்பதாகிவிடும். எங்கள் ஆராதனை எட்டரைக்கு.

வீடு ஒன் ரூம் கிச்சன். அதில் யாரும் யாருக்கும் எதையும் மறைக்க முடியாது. அடுப்பு மேடைக்குக் கீழே, கவிழ்த்த டிரம் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். குழாயில் தண்ணீர் வருவதும் அதே நேரம்தான். நான் மோட்டார் போட்டால் மைக்கை அணைப்பான். ஒரு நாள் மறந்துவிட்டான். அந்தக் குழுவில் அமெரிக்காவின் ஒஹாயோவில் இருக்கும் அண்ணன் ஒருவர், வீட்டுக்குள் ஹெலிகாப்டர் இறங்குகிறதா என்று கேட்டாராம். இப்போது அந்தச் சத்தம் கேட்டால் மும்பையில் தண்ணீர் வந்துவிட்டது என்று அங்கே எல்லாருக்கும் தெரியுமாம்.

2023 ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அன்றைக்கு எங்கள் சபை செய்ததை நான் சாகும்வரை மறக்கக் கூடாது. ஷிவ்ரி கல்லறையில் இடம் பார்த்தது முதல் பெட்டிக்குச் சொன்னதுவரை எல்லாம் அவர்கள்தான். ஒன்பது நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை, வேளைக்கு ஒரு வீட்டு டிபன் கேரியர் வந்தது. ஒரு கேரியரின் மூடி இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளில் என் மகனிடம் வந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒரே வாக்கியம்: "இனி நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்." பதினைந்து வயதுப் பிள்ளையிடம்.

போன மாதம் ஒரு ஞாயிறு நான் தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அவன் மெதுவாக இங்கிலீஷில் பேசுகிறான். அப்பாவின் போனுக்கு இன்னும் தன் கைக்காசில் ரீசார்ஜ் செய்கிறானாம், அந்த நம்பர் வேறு யாருக்கும் போய்விடக் கூடாதாம். எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக ஒரே அறையில் படுத்து எழும்புகிற எனக்குத் தெரியாது. அந்த ஒஹாயோக்காரர் வசனம் எதுவும் சொல்லவில்லை. "அப்பா போனில் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்?" என்று கேட்டார். "மக்கா" என்றான். அதற்கு அர்த்தம் என்ன என்று அவர்கள் கேட்க, இவன் விளக்க, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன்.

கமிட்டியில் ஒருவர் வைஃபையை வெட்டிவிடு, தானாகக் கோயிலுக்கு வருவான் என்கிறார். வெட்டவா? அந்தக் கூட்டத்தை நான் எதில் சேர்ப்பது, சபையிலா விளையாட்டிலா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பூர் எபனேசர் எழுதியது:

சிஸ்டர், என் வயது 61. நானும் ஒரு சபையில் கமிட்டிக்காரன்தான், அதனால் கசப்பாகவே சொல்கிறேன். சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்கிற எபிரெயர் 10:25 ஞாயிறு பள்ளி டீச்சருக்குத் தெரியாததல்ல. சபை கூடிவருதல் என்றால் உடம்போடு வந்து உட்காருவது. பக்கத்தில் இருப்பவரின் இருமல், குழந்தையின் அழுகை, மின்விசிறி ஓடாத வெக்கை எல்லாம் சேர்ந்ததுதான் அது. பிடிக்காதவரோடும் ஒரே பெஞ்சில் இருக்க வேண்டும். டிஸ்கார்டில் பிடிக்கவில்லையென்றால் ஒரு பட்டனை அமுக்கிவிட்டுப் போய்விடலாம்.

அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்தை வைஃபையில் கொடுக்க முடியுமா? முடியும் என்று 2020-இல் நாங்களே சொன்னோம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிவிக்கு முன்னால் பிஸ்கட்டையும் திராட்சை ஜூஸையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனசு ஒப்பவில்லை, ஆனாலும் உட்கார்ந்தேன்.

முகம் தெரியாத பெரியவர்கள் சிறு பிள்ளையிடம் அந்தரங்கம் கேட்கிறார்கள் என்பது எனக்கு நல்லதாகப் படவில்லை. ஜாக்கிரதை.

மால்வணி மாடரேட்டர் எழுதியது:

கிரேஸ் அக்கா, நான் மலாட் மால்வணியில் வளர்ந்தவன், வயது 26, இப்போது தாணேயில் வேலை. இப்படிப்பட்ட கிறிஸ்தவ கேமிங் சர்வர் ஒன்றில், அதாவது டிஸ்கார்ட் குழுவில், இரண்டு வருஷம் ஒழுங்கு பார்க்கிற மாடரேட்டராக இருந்தேன். வைஃபையை வெட்டாதீர்கள். வெட்டினால் அவன் கோயிலுக்கு வரமாட்டான், நண்பன் வீட்டுக்குப் போய்விடுவான்.

எபனேசர் ஐயாவின் பயம் நியாயம்தான். ஆனால் இது நேற்று முளைத்த கூத்தல்ல. அமெரிக்காவில் கிறிஸ்டியன் கேமர்ஸ் கில்டு என்கிற சங்கம் 1996-லேயே தொடங்கியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி கற்பனைப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளைப் பிசாசின் வேலை என்று சபைகள் திட்டிய காலம். சபையிலும் இருக்க வேண்டும், விளையாடவும் வேண்டும் என்று நினைத்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். 2004-இல் பிரிட்டனில் மெதடிஸ்ட் சபை ஆதரவோடு சர்ச் ஆஃப் ஃபூல்ஸ் என்று முப்பரிமாணக் கோயில் ஒன்றை இணையத்தில் திறந்தார்கள். கேம் மாதிரி ஒரு உருவத்தோடு உள்ளே போய் முழங்கால் போடலாம். திறந்த கையோடு கூச்சல் போடவும் கெட்ட வார்த்தை பேசவும் ஒரு கூட்டம் வந்துவிட்டது, அவர்களை வெளியே அனுப்பவே தனியாக ஆள் போட வேண்டியிருந்தது. எங்கள் வேலை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று மாடரேட்டர்கள் நாங்கள் சிரித்துக்கொள்வோம். 2011-இல் ரோப்லாக்ஸ் என்கிற இணைய விளையாட்டுத் தளத்துக்குள் ஒரு சபையைத் தொடங்கியவன் பதினோரு வயதுப் பையன். 2016-இல் காட்ஸ்குவாட் என்று, விளையாடுவதை நேரலையில் காட்டும் ட்விட்ச் தளத்திலேயே ஒரு சபை வந்தது, கேமர்களுக்கென்றே.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குழு நல்லதா என்று பார்க்கப் பிரசங்கத்தைக் கேட்காதீர்கள், விதிகளைப் படியுங்கள். எங்கள் சர்வரில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரியவர்கள் தனிச் செய்தி அனுப்பவே கூடாது. ஜெபம் என்றாலும் பொது அறையில்தான், இரண்டு மாடரேட்டர் இருக்கும்போதுதான். பணம் கேட்டால் அன்றைக்கே வெளியே. மகனிடம் கேட்டு டிஸ்கார்டில் பெற்றோருக்கென்றே இருக்கும் ஃபேமிலி சென்டரில் உங்கள் கணக்கை இணையுங்கள். எந்தெந்த சர்வரில் இருக்கிறான், யாருக்குச் செய்தி அனுப்பினான் என்று தெரியும், என்ன எழுதினான் என்று தெரியாது. அவன் சம்மதித்தால்தான் இணையும், அதுவும் நல்லதுதான். ஒஹாயோ அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டது பொது அறையிலா, தனியாகவா? அதை மட்டும் விசாரியுங்கள்.

இனி எங்கள் பக்கக் குறை. ஒரு பையன் தினமும் வருவான், நன்றாகச் சிரிக்க வைப்பான். திடீரென்று மூன்று வாரம் காணோம். தேடிப்பார்த்தால் எங்களிடம் இருந்தது ஒரு பட்டப்பெயரும் தவளைப் படமும்தான். ஊர் தெரியாது, அப்பா அம்மா பெயர் தெரியாது, போய்க் கதவைத் தட்ட ஆளில்லை. உங்களுக்கு ஒன்பது நாள் டிபன் கேரியர் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள், ஒரு கேரியரைக்கூட எங்களால் அனுப்பியிருக்க முடியாது. அந்தப் பையன் கடைசியில் வந்துவிட்டான், பரீட்சையாம். ஆனால் அந்த மூன்று வாரத்துக்குப் பிறகுதான் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் "உன் ஊரில் உனக்கு ஒரு சபை இருக்கிறதா?" என்று கேட்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம்.

காகிதமும் மையும் போதாது, நேரில் வந்து முகமுகமாய்ப் பேச வேண்டும் என்று யோவான் தன் இரண்டாம் நிருபத்தில் எழுதுகிறார். அதையும் காகிதத்தில்தான் எழுதினார் என்பதை எபனேசர் ஐயா கவனிக்க வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள் அக்கா. மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா? எனக்கு வாசிக்க வராது. நீங்கள் எழுதியதைப் போன் வாசிக்கக் கேட்டு, இதையும் போனில் பேசித்தான் எழுத்தாக்குகிறேன். நம் சபைகளில் வாசிக்கிற வேதாகமம் 1871-இல் முடிந்த மொழிபெயர்ப்பு. வீட்டில் "வா மக்கா" என்று கேட்டு வளர்ந்து, ஸ்கூலில் இங்கிலீஷும் மராத்தியும் படித்தவனுக்கு "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்றால் என்ன புரியும்? நான் பத்து வருஷம் மின்விசிறியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேரச் சிக்கலுக்கு ஒரு தகவல். நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைப்பார்கள். உங்கள் ஆறரை ஏழரையாகிவிடும். அதற்குள் ஏதாவது பேசி வையுங்கள்.

தாராவி பிலோமினா எழுதியது:

நாங்கள் கத்தோலிக்கர். எங்களுக்கு இதில் குழப்பமே இல்லை, நற்கருணை, திருமுழுக்கு போன்ற திருவருட்சாதனம் இணையத்தில் கிடையாது என்று வத்திக்கான் 2002-லேயே எழுதிவிட்டது. ஆனால் அதே ஏட்டில் இணையம் நல்ல துணை என்றும் இருக்கிறது. என் இரண்டு பிள்ளைகளும் பூசைக்கு வந்து பின் பெஞ்சில் போன் பார்க்கிறார்கள். உடம்பு மட்டும் வந்தால் போதுமென்றால் எனக்குத்தான் முதல் பரிசு.

அக்கா, அந்த டிபன் மூடியை ஒரு ஞாயிறு கோயிலுக்கு எடுத்துப்போய்க் கேட்டுப்பாருங்கள். யாரோ இரண்டு வருஷமாகத் தட்டு வைத்து மூடிக்கொண்டிருப்பார்கள்.

கோலிவாடா கிரேஸ் எழுதியது (நவம்பரில்):

தம்பி சொன்னபடியே ஆயிற்று, கூட்டம் இப்போது காலை ஏழரைக்கு. நடந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் மகனிடம், நான் கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். ஒட்டுக்கேட்டதற்குக் கோபப்பட்டான். இந்த வீட்டில் ஒட்டுக்கேட்காமல் இருக்க நான் ரோட்டில்தான் நிற்க வேண்டும் என்றேன், சிரித்துவிட்டான். அந்த மாத ரீசார்ஜை நான் செய்தேன். அந்த அண்ணன் கேட்டது பொது அறையில்தான், அவர் மனைவியும் கூட இருந்தாராம். ஃபேமிலி சென்டருக்கு இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தான்.

எபனேசர் அண்ணன், நீங்கள் சொன்ன வெக்கையும் இருமலும் சரிதான். ஆனால் அந்த பெஞ்சில் என் பிள்ளையிடம் எந்தக் காலேஜ் என்பதைத் தவிர யாரும் எதையும் கேட்கவில்லை. அதில் நானும் சேர்த்தி. என் வகுப்பில் இருபது பிள்ளைகள், ஒருவரிடமும் நான் அந்த ஒஹாயோக்காரர் மாதிரிக் கேட்டதில்லை, வசனம் ஒப்பித்தாயா என்றுதான் கேட்டேன்.

அவனே குழுவில் பேசி, வாசிப்பையும் ஜெபத்தையும் முன்னால் வைக்கச் சொல்லியிருக்கிறான். தான் எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கள் சபை எட்டரைக்கு என்று சொன்னானாம். "எங்கள் சபை" என்றான், நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. மூன்று ஞாயிறில் இரண்டு ஞாயிறு வந்தான். ஒரு நாள் குளிக்காமல் வந்தான், பிரசங்கத்தில் தூங்கினான். மூன்றாவது ஞாயிறு வரவில்லை, நைஜீரியப் பையனுக்கு ஏதோ பிரச்சினையாம், எழுந்து வர மனசில்லை என்றான். நான் மட்டும் நடந்து போனேன். கோபம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

தமிழ் வாசிப்பதும் வரவில்லை. சனிக்கிழமை இரவு மறுநாள் பாடத்தை நான் வாசிக்க, அவன் இங்கிலீஷில் பார்த்துக்கொள்கிறான். பத்து நிமிஷம்தான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தை அந்த மைன்கிராஃப்டில் கட்டியிருக்கிறான். 1826-இல் கட்டிய கோயில், நாங்கள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது இவன் அப்பா பஸ்ஸை விட்டு இறக்கிக் கூட்டிப்போய்க் காட்டுவார். ஒரு கட்டை ஒரு மீட்டராம். பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருத்தி ஜன்னல் வைத்துக் கொடுத்திருக்கிறாள். எங்கள் சபைப் போதகர் ஐயரவர்களிடம் பேச்சுவாக்கில் சொன்னேன், அவருக்கு அதே ஊர்ப் பக்கம், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரச் சொல் என்கிறார். அதில் பேட்டரி இருபது நிமிஷம்கூட நிற்காது. சார்ஜர் வயரை டேப் சுற்றி வைத்திருக்கிறோம். பாரிஷ் ஹாலில் எந்த பிளக்கில் கரண்ட் வரும் என்று கேட்டு வைக்க வேண்டும்.

மூடி யாருடையது என்று இன்னும் தெரியவில்லை பிலோமினா. நான்கு பேர் என்னுடையதில்லை என்றார்கள்.