எம்.ஏ. தத்துவத்துக்கு எதிராளி கிடைத்த கதை

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் பில்லிங் வேலை, வீடு அம்பாசமுத்திரம். இக்னோவில், அதாவது இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அஞ்சல்வழியாக எம்.ஏ. தத்துவம் படிக்கிறேன். வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதான படிப்புதான்: இரண்டு ஆண்டுப் படிப்பை நான்கு ஆண்டுவரை இழுக்கலாம், அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. பாடம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். "இதைப் படிச்சா சம்பளம் கூடுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். கூடாது என்றேன், அத்தோடு சரி. பக்கத்து வீட்டு ஆச்சிதான் இன்னும் பேரனுடைய ஜாதகத்தை நீட்டுகிறார்.

நேரத்தை எப்படியாவது பிடித்துவிடலாம். எதிர்த்துப் பேச ஓர் ஆள் கிடைப்பதுதான் பாடு. தனியாக உட்கார்ந்து வாசித்தால் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் சொல்வதும் சரியாகப் படுகிறது, அவரை மறுப்பவர் சொல்வதும் சரியாகப் படுகிறது. தலையாட்டிக்கொண்டே அசைன்மென்டை எழுதி முடித்துவிடுகிறோம்.

எனக்கு அந்த ஆள் செங்கோட்டை பாசஞ்சரில் கிடைத்தார். கல்லிடைக்குறிச்சியில் ஏறுவார், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். "என்னம்மா வாசிக்க?" என்று கேட்டார். ஹியூமின் காரண காரிய வாதம் என்றேன். வீட்டைப் பார்த்ததும் கட்டியவன் ஒருவன் உண்டு என்கிறோம், ஏனென்றால் வீடு கட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். உலகம் உண்டாவதை யார் பார்த்தது என்கிறார் ஹியூம். சார் சிரித்தார். "இதுக்கா ஸ்காட்லாந்து போன? நம்ம விக்கிரமசிங்கபுரத்து ஆளு இதுக்குப் பாடியமே எழுதி வச்சிருக்காரே."

சைவ சித்தாந்தத்தின் மூலநூலான சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்ற பேருரை எழுதிய சிவஞான முனிவரைச் சொன்னார். எங்கள் ஊருக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் பிறந்தவர். அன்று இரவு ஆண்டுகளைத் தேடிப் பார்த்தேன். ஹியூம் இறந்தது 1776, முனிவர் மறைந்தது 1785. ஒரே காலத்து ஆட்கள்! என் பாடப்புத்தகம் இருவரையும் சேர்த்து நிறுத்தவே இல்லை.

மறுநாள் சார் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தை எடுத்தார். "அவன் அவள் அது" என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது; ஆகவே அதைச் செய்பவன் ஒருவன் வேண்டும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் (கோலும் சக்கரமும்) துணைக்காரணம், செய்கிற குயவன் நிமித்த காரணம். "குயவனைக் கண்ணால பாத்திருக்கோம் சார், இவனைப் பாக்கலையே" என்றேன். "அது உலோகாயதன், கண்ணால கண்டாத்தான் நம்புவேன்கிற கட்சிக்காரன், கேக்கிற கேள்வி. சிவஞானசித்தியார்னு இன்னொரு சித்தாந்த நூல், அதுல பிற மதங்களை மறுக்கிற பரபக்கத்துல முதல் ஆளா அவனைத்தான் பேச விடுதாங்க. பேச விட்டுட்டுத்தான் மறுப்பு." எதிராளிக்கு முழுசாக வாய் கொடுத்துவிட்டு மறுப்பதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை.

ஆனால் நான் விடவில்லை. உலோகாயதனுக்குக் காட்சி மட்டுமே பிரமாணம், அதாவது அறிவுக்கு ஆதாரம். ஹியூம் கேட்பது வேறு: ஒரே ஒரு உலகம்தான் இருக்கிறது, ஒன்றை மட்டும் வைத்து எப்படிப் பொதுவிதி சொல்வது? சேரன்மகாதேவி தாண்டியும் சார் பேசவில்லை. அடுத்த முறை பார்த்தபோது பதிலோடு வந்தார். உலகத்தின் பகுதிகள் தோன்றி அழிவதைப் பார்க்கிறோம், அதனால் முழுமையும் அப்படித்தான் என்றார். பகுதிக்கு உள்ளது முழுமைக்கும் இருக்க வேண்டுமா என்று நான் கேட்க, பேட்டை வரும்வரை சண்டைதான். எதிர் சீட்டு அண்ணாச்சி ஒருவர் எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டார்.

அந்த அசைன்மென்டை ஹியூமின் கேள்விக்கு மாபாடியம் தரக்கூடிய பதில், அந்தப் பதிலில் உள்ள ஓட்டை என்று எழுதினேன். மதிப்பெண் சுமார்தான் வந்தது. எழுதியதில் எந்த வரியைக் கேட்டாலும் என்னால் நின்று பேச முடியும்.

இப்போது ஜெர்மன் தத்துவவாதி காண்ட் ஓடுகிறது. கொலைகாரன் வாசலில் வந்து கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் எழுதினாரே, அதைச் சாரிடம் சொன்னேன். "பொய்மையும் வாய்மை இடத்த, புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்னு வள்ளுவர் சொன்னதுக்கு அவரு என்ன பதில் வச்சிருக்காரு?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். திங்கட்கிழமை ரயிலில் பதில் சொல்லியாக வேண்டும்.