பாலம் கட்டும் இடத்தைச் சின்ன மோட்டார் படகில் கடப்பது பற்றி

வெள்ளைப்படகு கேட்டது:

நண்பர்களே, எங்கள் ஆற்றில் பழைய பாலத்தை ஒட்டியே புதுப் பாலம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அப்பா அக்கரையில் தனியாக இருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து போய், அவருக்குச் சமைத்து வைத்துவிட்டு, இரவு பத்து மணி வாக்கில் திரும்புவேன். முன்பு சாலையில் இருபது நிமிடம்தான். இப்போது லேன்களைக் குறுக்கி, தடுப்புகளை வாரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து போய்ச் சேர்ந்ததே இல்லை.

என்னிடம் 16 அடி மோட்டார் படகு இருக்கிறது. அப்பா வீட்டுக்குக் கீழேயே படித்துறை. ஆனால் அங்கே போக, கட்டுமானம் நடக்கும் இடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சனிக்கிழமை ஒரு தூண் இடைவெளியில் சுலபமாகப் போய் வந்தேன். செவ்வாய்க்கிழமை அதே இடைவெளியில் ஒரு பெரிய பார்ஜ் (கிரேனும் சாமானும் வைக்கும் தட்டையான மிதவைக் கலம்) நிற்கிறது, அதன் மூலைகளிலிருந்து கம்பி வடங்கள் தண்ணீருக்குள் சரிந்து இறங்குகின்றன. எது வழி, எது வழியில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரவுப்பணி:

சாலையைப் பற்றி மட்டும் எனக்குத் தெரியும், பாலப் பணியில் இரவில் போக்குவரத்தைத் திருப்பிவிடும் வேலை பார்த்திருக்கிறேன். லேன் குறுகுவதைவிட ஓரம் இல்லாமல் போவதுதான் பெரிய பிரச்சினை. ஒரு வண்டிக்கு டயர் பஞ்சர் ஆனால் ஒதுக்க இடமே கிடையாது, பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். அப்புறம், கனமான பாகங்களைத் தூக்கும் வேலையைக் கூட்டம் குறைந்த இரவு நேரத்துக்குத்தான் வைப்பார்கள். நீங்கள் பத்து மணிக்குத் திரும்புகிறீர்கள் என்றால், லேனை அடைத்து முடிக்கும் நேரத்தில் சரியாக மாட்டுகிறீர்கள். அன்றன்றைய அடைப்பு அறிவிப்பைப் பார்த்து, ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இந்த அடைப்புகள் வீண் இல்லை. 2016 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் புது டாப்பன் ஸீ பாலம் கட்டும்போது, ஒரு கிரேனின் நீண்ட கை பக்கத்தில் இருந்த பழைய பாலத்தின் மேலேயே சாய்ந்து விழுந்தது. பட்டப்பகல், வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த நேரம். யாரும் இறக்கவில்லை என்பது பெரும் அதிர்ஷ்டம்.

நங்கூரக்கம்பி:

ஒரு பாலப் பணியில் ஆறு வருடம் பணியாளர் படகு ஓட்டினேன். கரையிலிருந்து ஆட்களைத் தூணுக்கும் பார்ஜுக்கும் கொண்டு விடுவது, திரும்ப ஏற்றுவது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், அந்த இரவுப் பயணத்தை விட்டுவிடுங்கள். இரவுப்பணி சொன்ன அதே டாப்பன் ஸீயில், 2013 ஜூலையில் இரவு நேரத்தில் ஒரு விரைவுப் படகு, கட்டிப்போட்டிருந்த பார்ஜில் மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் சில நாட்களில் கல்யாணம் நடக்கவிருந்த பெண். 2016 மார்ச்சில் அங்கேயே ஒரு டக், அதாவது இழுவைப் படகு, தொழில்காரர்கள் ஓட்டியது, கட்டுமானப் பார்ஜில் மோதி மூழ்கி, அதிலிருந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். பார்ஜ் தாழ்வாக, கறுப்பாக இருக்கும். பின்னால் பாலத்தின் விளக்குகள், மேலே வேலைக்கான பெரிய விளக்குகள். அந்த வெளிச்சத்தில் கண் கூசிய பிறகு, அதற்குக் கீழே இருக்கும் கறுப்பு தண்ணீரா இரும்பா என்று பிரித்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

சரி, பகலில். நீங்கள் பார்த்த வடங்கள் பார்ஜின் நங்கூரங்களுக்குப் போகின்றன. ஒவ்வொரு நங்கூரத்துக்கும் மேலே பொதுவாக ஒரு மிதவை கிடக்கும். பார்ஜை நகர்த்தும்போது வின்ச்சால் (வடம் சுற்றும் எந்திரத்தால்) வடத்தை இழுப்பார்கள். அதுவரை ஆழத்தில் தொங்கிய வடம் விறைத்து மேலே எழும்பும். எவ்வளவு தள்ளி எழும்பும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பார்ஜுக்கும் அதன் மிதவைக்கும் நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள், மிதவைக்கு வெளியே சுற்றிப் போங்கள். சில பார்ஜுகள் இரும்புக் கால்களை ஆற்றுப் படுகையில் ஊன்றி நிற்கும். அவற்றுக்கு வடம் இருக்காமலும் போகலாம், ஆனால் மிதவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நெருங்க வேண்டும்.

எந்தப் பக்கம் போகலாம் என்பதற்குச் சர்வதேசக் கடல் விதியிலேயே அடையாளம் உண்டு. தண்ணீருக்கடியில் வேலை செய்யும் கலம் பகலில் ஒன்றின் கீழ் ஒன்றாக உருண்டை, சாய்சதுரம், உருண்டை என்று மூன்று கறுப்பு உருவங்களைத் தொங்கவிடும். அத்தோடு, தடையுள்ள பக்கத்தில் இரண்டு உருண்டை, போகக்கூடிய பக்கத்தில் இரண்டு சாய்சதுரம். இரவில் இவற்றுக்குப் பதில் விளக்கு: தடைப் பக்கம் இரண்டு சிவப்பு, வழிப் பக்கம் இரண்டு பச்சை. எல்லாப் பார்ஜிலும் இது ஒழுங்காகத் தொங்கும் என்று நம்பிவிடாதீர்கள். கையடக்க வி.எச்.எஃப். ரேடியோ ஒன்று வாங்கி, உங்கள் ஊரில் அதற்கு உரிமம் தேவையென்றால் எடுத்துக்கொண்டு, சேனல் 16-இல் கூப்பிடுங்கள். வேறு சேனலுக்கு மாறச் சொல்வார்கள். "நான் சின்னப் படகு, எந்தப் பக்கம் வரட்டும்?" என்று கேட்டால் போதும். அப்படிக் கேட்ட யாரையும் நாங்கள் கோபித்ததில்லை. கேட்காமல் வந்தவர்களைத்தான் பயத்தோடு பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்னொன்று, என் கண்ணால் பார்த்தது. எஞ்சின் நின்றுபோன ஒரு மீன்பிடிப் படகை நீரோட்டம் எங்கள் பார்ஜில் நீரோட்டம் வந்து மோதும் பக்கம் கொண்டுவந்து ஒட்டியது. பார்ஜின் முனை அடிப்பக்கமாகச் சரிந்திருக்கும், தண்ணீர் அதற்கு அடியில்தான் பாயும். படகிலிருந்த இருவரையும் கயிறு வீசி மேலே இழுத்துவிட்டோம். படகு அப்படியே ஒருக்களித்து அடியில் போனது. மறுமுனையில் கவிழ்ந்து வெளியே வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து, நீரோட்டத்தோடு வரும் எந்தச் சின்னப் படகைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது எஞ்சின் நின்றால் உடனே போட அதன் முனையில் நங்கூரம் கயிற்றோடு தயாராக இருக்கிறதா என்பதைத்தான். உங்கள் நங்கூரம் பெட்டிக்குள் இருந்தால் இன்றே எடுத்து வெளியே வையுங்கள்.

உயரப்பாய்:

பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வரைபடத்தில் இருக்கும் உயரம் கட்டி முடித்த பாலத்துக்கானது. பாம்பன் புது ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி 17 மீட்டர் உயரும் என்றால், அது வேலை முடிந்த பிறகான கணக்கு. கட்டும்போது தளத்துக்கு அடியில் சாரமும் வலையும் தொங்கும், உயரம் நாளுக்கு நாள் மாறும். மாலுமிகளுக்கான அறிவிப்பில் கடைசியாக வந்ததைத்தான் நம்ப வேண்டும்.

வெள்ளைப்படகு:

நங்கூரக்கம்பி அண்ணா, மிக்க நன்றி. என் நங்கூரம் பெட்டிக்குள்தான் இருந்தது, எடுத்து வைத்துவிட்டேன். தூண்களுக்கு நடுவே போகும்போது படகு தானாக ஒரு பக்கம் இழுக்கிறது. சீக்கிரம் கடந்துவிடலாம் என்று வேகத்தைக் கூட்டினேன். அது சரியா?

நங்கூரக்கம்பி:

இல்லை, வேகம் வேண்டாம். தூண் வேலைக்காக ஆற்றில் தடுப்புக் கூடுகளை இறக்கியதும் தண்ணீருக்கு வழி குறைகிறது. மிச்ச இடைவெளியில் நீரோட்டம் வேகமாகி, தூணுக்குப் பின்னால் சுழல் விழும். இடைவெளிக்கு வெகு முன்பே படகை நேராக்கி, நடுவில், திருப்பக்கூடிய அளவு எஞ்சின் வேகத்தில் மட்டும் போங்கள்.

உங்கள் படகு எழுப்பும் அலை உங்களுக்குச் சின்னதுதான். அது பார்ஜை லேசாக ஆட்டினாலே, மேலே கிரேன் முனையில் தொங்கும் பாகம் அதைவிடப் பல மடங்கு ஆடும். அதைப் பிடித்துப் போல்ட் துளையில் பொருத்த ஒருவர் கையை நீட்டிக்கொண்டிருப்பார். வெள்ளையும் நீலமுமாக, ஒரு ஓரம் வாலாக வெட்டிய கொடி பறந்தால் கீழே தண்ணீருக்குள் முக்குளித்து வேலை செய்பவர் இருக்கிறார் என்று அர்த்தம். இன்னும் மெதுவாக, இன்னும் தள்ளி.

அப்பா வீட்டிலேயே இரவு தங்கிவிட முடியுமா? முடிந்தால் அதுதான் நல்லது. காலையில் கிளம்பும்போது விடிந்த உடனே வேண்டாம். ஷிஃப்ட் மாறும் நேரம், என்னைப் போல் ஓட்டுபவர்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாகப் பாய்வார்கள். அது அடங்கி அரை மணி கழித்து, ரேடியோவில் ஒரு முறை கேட்டுவிட்டு வாருங்கள்.