மூடி சுமக்கும் துறவி நண்டு: சாமர்த்தியமா, வேறு வழியில்லையா?

உப்புக்காற்று:
காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருப்பது துறவி நண்டு. அது ஓட்டுக்குப் பதில் பாட்டில் மூடியை முதுகில் மாட்டிக்கொண்டு கரையில் திரியும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வார்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படி இணையத்தில் மக்கள் ஏற்றிய படங்களைத் துழாவி 2024இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குப்பைக்குள் குடியிருந்த நண்டுகள் 386. அதில் சுமார் 85 சதவீதம் பிளாஸ்டிக் மூடிக்குள். தரையில் வாழும் 16 துறவி நண்டு இனங்களில் 10 இனங்களிடம் இந்தப் பழக்கம் இருக்கிறது. எனக்கென்னவோ இது சோகக்கதையாகப் படவில்லை. மூடி கனமில்லை, சுமப்பது சுலபம். கிடைத்ததை வைத்துப் பிழைக்கத் தெரிந்த பிராணி. சுத்தம் செய்கிறோம் என்று அதன் வீட்டையும் அள்ளாதீர்கள்.

நெய்தல்வாசி:
இதுவா பிழைப்பு? அதன் வயிறு மெத்தென்று, ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கும். நத்தை ஓட்டின் நடுத்தண்டை வால்முனையால் இறுகப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே தங்குகிறது. ஆபத்து என்றால் முழு உடம்பையும் உள்ளே இழுத்து, பெரிய இடுக்கியால் வாசலை அடைக்கும். செவுள் காயாமல் இருக்க ஓட்டுக்குள் கொஞ்சம் தண்ணீரும் வைத்திருக்கும். மூடியில் பிடிக்கத் தண்டு ஏது? தண்ணீர் எங்கே நிற்கும்?

உப்புக்காற்று:
மட்டமான வீடுதான், சரி. ஆனால் படத்தில் இருப்பவை உயிரோடுதானே நடமாடுகின்றன?

நெய்தல்வாசி:
செத்ததை யாரய்யா படமெடுத்துப் போடுகிறார்கள்! இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கோக்கோஸ் தீவுகளைப் பாருங்கள். வாய் சற்றே மேல்நோக்கிக் கிடக்கும் பாட்டிலுக்குள் நண்டு நுழைகிறது, வழவழப்பில் ஏறி வெளியே வர முடியாமல் சாகிறது. செத்த நண்டின் வாடை மற்ற நண்டுகளுக்கு 'இங்கே ஓடு காலி' என்ற சேதி. அவையும் ஓடி வந்து விழுகின்றன. இப்படி ஒரே டப்பாவில் 526 நண்டுகள் சிக்கியிருந்ததும் உண்டு. கோக்கோஸில் ஆண்டுக்கு 5,08,000, பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவில் 61,000 நண்டுகள் இப்படிச் சாவதாக மதிப்பீடு.

பவளம்77:
இரண்டு பேரும் வேறு வேறு பொருளைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். பாட்டில் பொறி, மூடி மட்டமான வீடு. பாட்டிலைக் கண்டதும் எடுங்கள். மூடிக்குள் நண்டு இருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், உடம்பு பிய்ந்தாலும் பிடியை விடாது. பக்கத்தில் பல அளவில் காலி ஓடுகளைப் போட்டுவிட்டு நகருங்கள். அப்புறம், அழகாக இருக்கிறதென்று ஓடுகளைப் பையில் போட்டுக்கொண்டு போகும் சுற்றுலாக்காரர்களை ஏன் யாரும் திட்டவில்லை?

உப்புக்காற்று:
ஓடு வைத்தும் அது மூடியை விடவில்லை என்றால்? அதன் விருப்பம் என்று ஒப்புக்கொள்வீர்களா?

நெய்தல்வாசி:
அந்த நண்டை அப்படியே விட்டுவிடுங்கள். ஆளில்லாத மூடிகளைப் பொறுக்கினாலே ஒரு சாக்கு தேறும்.