ரெண்டு லேபும் பிடிச்சிருக்கு, ரொட்டேஷன் முடிஞ்சதும் எதுல சேர்றது?

புதுசா_சேர்ந்தவன்:
அமெரிக்கால பயாலஜி பிஎச்டி முதல் வருஷம். மூணு ரொட்டேஷன், அதாவது எந்த லேப்ல சேர்றதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி மூணு லேப்ல மாறி மாறி வேலை பாத்துப் பாக்கணும், ஒவ்வொண்ணும் பத்து வாரம். முதல் லேப்ல ப்ரொஃபசர் பெரிய ஆளு, ஆனா ஆளைப் பிடிக்கவே முடியல, அங்க பிஎச்டி முடிச்சிட்டு ஆராய்ச்சி பண்ற போஸ்ட்டாக் அண்ணன்தான் எல்லாம் சொல்லிக்குடுத்தார். ரெண்டாவது புது லேப், மேடமே பெஞ்சுக்கு வந்து நின்னு காட்டுறாங்க, ஆனா என் வெஸ்டர்ன் பிளாட் (சாம்பிள்ல ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கான்னு ஆன்டிபாடி வெச்சுப் பாக்குற டெஸ்ட்) எதுவும் உருப்படியா வரல, காட்ட டேட்டாவே இல்ல. இப்படி வெறுங்கையோட போய் சேர்த்துக்கங்கன்னு கேக்கலாமா?

லேப்வாசி:
தாராளமா கேளுங்க. பத்து வாரத்துல ஒரு க்ளோனிங் (வேணுங்கற டிஎன்ஏ துண்டை ஒட்டி நகலெடுக்கறது) முடிஞ்சாலே பெருசு, இது அவங்களுக்கும் தெரியும். வராதப்போ அடுத்து என்ன மாத்திப் பாத்தீங்க, நோட்புக்ல ஒழுங்கா எழுதினீங்களா, அதைத்தான் பாப்பாங்க. நீங்களும் அவங்களைப் பாக்கணும்ல. குரூப் மீட்டிங்ல ஒரு ஸ்டூடண்ட் காலி பிளாட்டை போட்டுக் காட்டுறப்போ ப்ரொஃபசர் "ஆன்டிபாடி மாத்திப் பாத்தியா, கன்ட்ரோல் எங்க"ன்னு கேக்குறாங்களா இல்ல முகத்தைத் தூக்கி வெச்சுக்கறாங்களா, அடுத்த அஞ்சு வருஷம் உங்களுக்கும் அதேதான்.

ஐந்தாம்_வருடம்:
பணத்தைப் பத்தி யாருமே சொல்லலையே. முதல் வருஷ ஸ்டைபண்ட் (நம்ம செலவுக்குக் குடுக்கற உதவித்தொகை) பெரும்பாலும் ப்ரோக்ராம் குடுக்கும், லேப்ல சேர்ந்தப்புறம் அநேகமா ப்ரொஃபசருக்கு வந்த ஆராய்ச்சி நிதி, அதாவது கிரான்ட்லருந்துதான். அதனால "எனக்கு எத்தனை வருஷத்துக்கு ஃபண்டிங் இருக்கு"ன்னு நேராவே கேட்டுடுங்க, இதுல தப்பா நெனைக்க ஒண்ணுமில்ல. அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஹெச் குடுக்கற கிரான்ட்டா இருந்தா, அவங்க ரிப்போர்ட்டர் சைட்ல ப்ரொஃபசர் பேரைப் போட்டா அது எப்போ முடியுதுன்னே தெரிஞ்சிடும். புது லேப்னா ஸ்டார்ட்டப் பணம் (லேப் ஆரம்பிக்க யூனிவர்சிட்டி குடுத்தது) எவ்வளவு நாள் தாங்கும்னும் கேளுங்க, அவங்களுக்கு வேலை நிரந்தரமா இல்லையாங்கற டென்யூர் முடிவு உங்க பிஎச்டி நடுவுலயே வரலாம். இதெல்லாம் சரியா இருந்தா நான் மேடம் லேபுக்குத்தான் சொல்வேன்.

புதுசா_சேர்ந்தவன்:
ரொம்ப நன்றி, ஃபண்டிங் கேக்கணும்னே தோணல. மூணாவது ரொட்டேஷனை விட்டுடலாமா?

லேப்வாசி:
விடாதீங்க, போங்க. அங்க சீனியர்ஸைத் தனியா பிடிச்சு, எழுதின பேப்பர் ட்ராஃப்டை ப்ரொஃபசர்கிட்ட குடுத்தா திரும்பி வர எவ்வளவு நாளாகும், லீவு கேட்டா என்ன சொல்வாங்க, பாதில விட்டுப்போனவங்க இருக்காங்களான்னு விசாரிங்க. கடைசி கேள்விக்கு பதில் சொல்லாம இழுத்தாங்கன்னா அதுவே ஒரு பதில்தான். அப்புறம் முடிவு பண்ணினதும் மத்த ரெண்டு லேபுக்கும் உடனே மெயில் போட்டுடுங்க, உங்களுக்காக அங்க ஒரு இடத்தை வெச்சிட்டு காத்துட்டிருக்கலாம்.