ஸ்டெம் செல் சிகிச்சை: சோதனைகள் முடியும்வரை நோயாளி காத்திருக்கத்தான் வேண்டுமா?

இளவேனில்:
வேறு வழியே இல்லாத நோயாளி, தன் உடலிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை, அதாவது வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூலச் செல்லை, தனக்கே செலுத்திக்கொள்ள விரும்பினால், அந்தச் சிகிச்சை குறித்த எல்லாச் சோதனைகளும் முடியும்வரை பொறுத்திருக்கச் சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து. ரத்தப் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகளாகச் செய்யப்படும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் ஸ்டெம் செல் சிகிச்சைதான். அதற்காக அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார். முதிர்ந்த செல்லையும் அதன் தொடக்க நிலைக்குத் திருப்பலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யாமனாகா 2006-இல் எலியிலும், அடுத்த ஆண்டே மனித செல்லிலும் காட்டிவிட்டார். இன்னும் ஏன் இந்தத் தயக்கம்?

நுண்ணோக்கி:
மஜ்ஜையில் கிடைத்த வெற்றியை மற்ற உறுப்புகளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. மஜ்ஜையின் ஸ்டெம் செல் ரத்த அணுக்களை உண்டாக்குவதற்கென்றே அமைந்தது. சிரை வழியாக ஏற்றினாலும் அது தானாகவே மஜ்ஜையைச் சென்றடைந்து வேலையைத் தொடங்கிவிடும். மற்ற செல்களுக்கு நாம்தான் வழிகாட்ட வேண்டியிருக்கிறது. கல்லீரல் செல்லிலும் நரம்பு செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். எந்த மரபணு இயங்குகிறது, எது அடைபட்டுக் கிடக்கிறது என்பதில்தான் வேறுபாடு. அந்த நிலையை ஆய்வகத்தில் வரவழைக்க, செல்லின் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளை உரிய வரிசையிலும் உரிய அளவிலும் கொடுக்க வேண்டும். மாறாமல் எஞ்சிய செல்கள் உடலுக்குள் போனால் டெரட்டோமா என்னும் கட்டி வளரக்கூடும். அதற்குள் முடி, பல், குருத்தெலும்புகூடக் கலந்து கிடக்கும். யாமனாகா பயன்படுத்திய நான்கு மரபணுக்களில் ஒன்றான சி-மிக், புற்றுநோயோடு நேரடித் தொடர்புள்ளது.

இளவேனில்:
அந்த அச்சம் தொடக்க நிலைக்குத் திருப்பிய செல்லுக்கும் கருவிலிருந்து எடுத்த செல்லுக்கும்தான் பொருந்தும். நான் கேட்பது, கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்து அதே ஆளுக்குச் செலுத்துவதைப் பற்றி. தன் செல்லை உடல் நிராகரிக்காது. பார்வை மங்கிக்கொண்டே வரும் ஒருவரிடம் இன்னும் பத்தாண்டு பொறுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நுண்ணோக்கி:
பார்வையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் புளோரிடாவில், விழித்திரை மையச் சிதைவு கொண்ட மூன்று பெண்களுக்கு, நீங்கள் சொல்லும் அதே கொழுப்புத் திசு செல்களை இரு கண்களிலும் செலுத்தினார்கள். அவர்கள் பார்வையை இழந்ததை 2017-இல் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. அதற்காக அவர்கள் கட்டணமும் செலுத்தியிருந்தார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. உடல் நிராகரிக்காமல் இருப்பது வேறு, போன இடத்தில் அந்த செல் என்ன செய்யும் என்பது வேறு. அதே நோய்க்கு 2014-இல் ஜப்பானில் மசாயோ தகாஹாஷியின் குழு, நோயாளியின் தோல் செல்லைத் தொடக்க நிலைக்குத் திருப்பி, விழித்திரை நிறமி செல்லாக மாற்றி, மெல்லிய படலமாக வளர்த்து, ஒரு கண்ணில் மட்டும் பொருத்தியது. இரண்டாம் நோயாளிக்கான செல்களில் மரபணுப் பிறழ்வுகள் தென்பட்டதும் அறுவையைக் கைவிட்டார்கள்.

செவ்வந்தி:
இதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் சோகைக்கு நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லையே மரபணுவை வெட்டி மாற்றும் கிறிஸ்பர் முறையில் திருத்தித் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. சோதனைகளைக் கடந்துதான் அது நோயாளியிடம் வந்தது.

இளவேனில்:
வந்தது, ஆனால் அதற்குள் காலமானவர்களும் உண்டு. கட்டணம் வாங்காமல், கட்டுப்பாட்டு அமைப்பின் கண்காணிப்பில், விளைவு ஒவ்வொன்றையும் பதிவுசெய்து, உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமாவது முன்கூட்டியே வழங்கலாமே என்பதே என் வாதம்.

நுண்ணோக்கி:
அந்த நான்கு நிபந்தனைகளும் இருந்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இன்று விளம்பரம் செய்து செல்களை விற்கும் இடங்களில், முதல் நிபந்தனையை ஏற்பவர்களையே காண்பது அரிது.