'ஸ்ட்ராட்டஜிக் சேல்' என்பதற்கு 'ஆளுரிமை விற்பனை' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

'ஸ்ட்ராட்டஜிக் சேல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை உத்திசார் விற்பனை, மூலோபாய விற்பனை, கேந்திர விற்பனை என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு ஒரே குறைதான். ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் மழுப்பல், நாம் அந்த மழுப்பலைச் சிந்தாமல் சிதறாமல் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டோம். யாருடைய உத்தி, எதற்கு உத்தி? படிக்கிறவருக்கு ஒன்றும் பிடிபடாது.

நடப்பது இதுதான்: அரசு தன் நிறுவனத்தின் பங்கை விற்கும்போது நிர்வாகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. சாதாரணப் பங்கு விற்பனையில் அப்படி இல்லை, பத்து விழுக்காட்டைச் சந்தையில் விற்றாலும் தலைவரை நியமிப்பது அரசுதான். விழுக்காட்டை மட்டும் பார்த்து எது எந்த வகை என்று சொல்லவும் முடியாது. 2002-இல் வெளிநாட்டுத் தொலைபேசிச் சேவை தந்த அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். கைமாறியபோது டாடா குழுமம் 1,439 கோடி ரூபாய்க்கு வாங்கியது 25 விழுக்காடு, அதற்குப் பிறகும் அரசிடம் ஏறக்குறைய 26 விழுக்காடு இருந்தது. கூடுதலாக வைத்திருந்தவர் ஒதுங்கிக்கொண்டார், குறைவாக வைத்திருந்தவர் நிர்வாகத்தில் உட்கார்ந்தார். அப்படியானால் விலைபோன சரக்கு பங்கு மட்டுமல்ல, ஆளும் உரிமையும்தான். அதனால் 'ஆளுரிமை விற்பனை' என்கிறேன்.

இதை 'ஆள் உரிமை' என்று பிரித்துப் படித்துவிடுவார்கள், தனிநபர் உரிமை என்று நினைப்பார்கள் என்று ஒரு நண்பர் தனிமடலில் சொன்னார். ஆளுநரை யாரும் அப்படிப் பிரித்துப் படிப்பதில்லையே! புழங்கினால் பழகிவிடும்.

'நடத்துரிமை விற்பனை' என்ற யோசனையும் வந்தது. நல்ல சொல், எனக்கும் சபலம்தான். ஆனால் அதை 'மானிடைசேஷ'னுக்கு எடுத்துவைக்கலாம். 2021-இல் இந்திய அரசு நான்கு ஆண்டுகளுக்கு 6 லட்சம் கோடி ரூபாய் இலக்கு வைத்து அறிவித்ததே, அதில் சாலை, மின்தடம் போன்றவற்றின் உடைமை அரசிடமே இருக்கும், குறிப்பிட்ட காலத்துக்கு நடத்தி வருமானம் பார்க்கும் உரிமைதான் போகும். நாளிதழ்கள் இதைப் 'பணமாக்கல்' என்று எழுதுகின்றன. நகையை விற்றாலும் பணம், அடகு வைத்தாலும் பணம், இரண்டும் ஒன்றா? 'நடத்துரிமைக் குத்தகை' என்றால் பொருள் திரும்பி வரவேண்டியது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

சரி, ஒரு சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டு ஏன்? பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தின் பங்கென்றால் அன்றாட விலை எல்லோருக்கும் தெரியும். ஆளுரிமைக்குச் சந்தை விலை கிடையாது. நாலைந்து பேர் உறையில் எழுதித் தருவதுதான் விலை, ஆகவே அந்த நாலைந்து பேரை யார் உள்ளே விட்டார்கள், யாரைத் தள்ளினார்கள் என்பதில்தான் நியாயமே இருக்கிறது. ரஷ்யாவில் 1995-இல் நோரில்ஸ்க் நிக்கல் என்ற அரசு உலோக நிறுவனத்தின் 38 விழுக்காட்டை அடமானமாகப் பிடித்துக்கொண்டு அரசுக்குக் கடன் தரும் ஏலம் நடந்தது, கடன் திரும்பாவிட்டால் பங்கு கைமாறும். தொடக்கத் தொகை 17 கோடி டாலர், வென்ற தொகை 17.01 கோடி. 35.5 கோடிக்குக் கேட்ட ஒருவரை உத்தரவாதம் போதாது என்று தள்ளிவிட்டார்கள். ஏலத்தை நடத்திய வங்கியின் தரப்பே ஏலத்தை எடுத்தது! தனியார்மயத்துக்கான ரஷ்யச் சொல்லில் மக்கள் ஓர் எழுத்தை நுழைத்து 'பிரிக்வத்திசாத்சியா' என்று ஆக்கிவிட்டார்கள், லவட்டிக்கொண்டு போதல் என்று பொருள். கலைச்சொல் குழு எதுவும் கூடாமலே பிறந்த சொல்.

இதற்கு நேர் எதிராக இலங்கையில் அதிபர் பிரேமதாச காலத்தில் தனியார்மயத்துக்கே 'மக்கள்மயமாக்கல்' என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலும் 60 விழுக்காடு ஒரே முதலீட்டாளருக்கு, 30 பொதுமக்களுக்கு, 10 ஊழியர்களுக்கு இலவசமாக. ஊழியருக்குக் கொடுத்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஆளுரிமை அந்த அறுபதோடு போய்விட்டது, பெயரோ மீதி நாற்பதைப் பார்த்து வைத்தது.

அப்புறம் 'ரிசர்வ் பிரைஸ்'. 'ஒதுக்கு விலை' வேண்டவே வேண்டாம், அங்கே எதையும் ஒதுக்கவில்லை. இதற்குக் கீழே கொடுக்கமாட்டேன் என்பதுதானே, 'அடிவிலை' போதும். ஏர் இந்தியாவுக்கு அடிவிலை 12,906 கோடி, டாடா தரப்பு கேட்டது 18,000 கோடி. இந்த 18,000-இல் அரசின் கைக்கு ரொக்கமாக வந்தது 2,700 கோடி, மீதி 15,300 கோடி வாங்கியவர் ஏற்றுக்கொண்ட கடன். இரண்டுக்கும் 'விலை' என்று ஒரே சொல்லைப் போட்டு எழுதினால் ஆதரிப்பவர் பெரிய எண்ணைச் சொல்வார், எதிர்ப்பவர் சின்ன எண்ணைச் சொல்வார், இருவரும் உண்மைதான் சொல்லியிருப்பார்கள். கடனும் சேர்ந்ததற்கு 'நிறுவன மதிப்பு', ரொக்கத்துக்கு 'கைவரவு' என்று பிரிக்கலாமா?

'கண்ட்ரோல் பிரீமியம்', அதாவது நிர்வாகமும் கைக்கு வருவதற்காகப் பங்கின் விலைக்கு மேல் தரும் தொகை, என்பதற்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. 'ஆளுரிமைக் கூடுதல்' என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் தட்டையாக இருக்கிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.