விஸ்வநாதன்-ராமமூர்த்தி: ரெண்டு பேர்ல யார் என்ன பண்ணாங்க?

ராத்திரி_ரேடியோ:
ரொம்ப நாள் சந்தேகம் இது. வீட்ல அப்பா போடற பழைய பாட்டுல பாதிக்கு மேல "இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி"ன்னு ஒரே மூச்சுல சொல்லிடறாங்க, ஏதோ ஒரே ஆளோட பேர் மாதிரி. 1952ல பணம் படத்துல சேந்து ஆரம்பிச்சு 1965ல ஆயிரத்தில் ஒருவனோட பிரிஞ்சுட்டாங்கன்னு தெரியும். ஆனா உள்ளுக்குள்ள வேலைய எப்படி பிரிச்சுக்கிட்டாங்க? மெட்டு ஒருத்தர், வாத்தியம் ஒருத்தரா? காதால கேட்டே கண்டுபிடிக்க முடியுமா? இப்ப ரெண்டு நாளா "பார்த்தேன் சிரித்தேன்" லூப்ல ஓடிட்டு இருக்கு, அதுல யாரோட கை ஜாஸ்தி?

நாலரைக்கட்டை:
ரெண்டு பேர் கையும் இல்ல தம்பி 😄 அதுக்கு இசை கே.வி.மகாதேவன், படம் வீர அபிமன்யு. கண்ணதாசன் பாட்டு, பி.பி.ஸ்ரீனிவாஸ்-சுசீலா பாடினதுன்னா உடனே மெல்லிசை மன்னர்கள் (விஸ்வநாதன்-ராமமூர்த்தியோட பட்டம்) கணக்குல எழுதிடறது நம்மாளுங்க எல்லாருக்கும் உள்ள வியாதிதான், நானும் பண்ணிருக்கேன். மாமாவுக்கு (மகாதேவனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) சேர வேண்டியத மாமாகிட்ட குடுத்துடுங்க.

வில்லும்_தந்தியும்:
நான் கொஞ்சம் வயலின் வாசிக்கிறவன், அதனால ஒரு பக்கமா சாய்ஞ்சு பேசறேன்னு நினைச்சாலும் பரவால்ல. ரெண்டு பேருமே இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் குரூப்ல இருந்து வந்தவங்க, ராமமூர்த்தி அங்க வயலின், விஸ்வநாதன் ஹார்மோனியம். 1952ல சுப்பராமன் திடீர்னு இறந்துட்டாரு, தேவதாஸ்ல மிச்சமிருந்த வேலைய இவங்கதான் முடிச்சு குடுத்தாங்க. அதுலயே பாதி பதில் இருக்கு பாருங்க, ஒருத்தர் பாட்டை வாயால பாடிப் பாடி பிடிக்கிற ஆளு, இன்னொருத்தர் வில்லால யோசிக்கிற ஆளு. எல்லாரும் பொதுவா சொல்றதும் அதான், மெட்டு எம்.எஸ்.வி (விஸ்வநாதன்), வாத்தியக் கோர்ப்பு டி.கே.ஆர் (ராமமூர்த்தி). ஆனா அவ்ளோ சுத்தமா கோடு போட முடியாதுன்னு நான் நினைக்கிறேன், பதிமூணு வருஷம் ஒரே ரூம்ல உக்காந்து வேலை செஞ்சா மெட்டுல வயலினும் வயலின்ல மெட்டும் ஒட்டிக்கும்ல.
ஒரு டெஸ்ட் சொல்றேன். ஹெட்ஃபோன் போட்டுட்டு பாடறவங்கள விட்டுடுங்க, அவங்க மூச்சு விடற இடத்த மட்டும் கேளுங்க. பாக்கியலட்சுமில "மாலைப்பொழுதின் மயக்கத்திலே", அப்புறம் நெஞ்சில் ஓர் ஆலயத்துல "சொன்னது நீதானா". சுசீலா ஒரு வரிய எங்க விடறாங்களோ அங்கயே வாத்தியம் எடுத்துக்குது, அடுத்த வரிக்கு அவங்களை கொண்டுபோய் விட்டுட்டு ஒதுங்கிக்குது. முந்திக்கவே முந்திக்காது. அதுக்கு அப்படியே நேர் எதிர் புதிய பறவையோட "எங்கே நிம்மதி", வயலின் கூட்டமே சேந்து டி.எம்.எஸ் மேல பாயுது, அந்த ஆளுக்கு நிம்மதி இல்லன்னு வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.
(வயசுல ராமமூர்த்திதான் பெரியவர், 1922, எம்.எஸ்.வி 1928. ஆனா சின்னவர் பேர் முன்னாடி. என்.எஸ்.கிருஷ்ணன்தான் பெரியவரா பின்னாடி நின்னு தாங்கிக்கன்னு சொல்லி அப்படி வச்சதா சொல்வாங்க.)

சும்மா_கேக்கறவன்:
எல்லாரும் மூணாவது ஆளை மறந்துட்டீங்களே? கவிஞர் கண்ணதாசன் எங்க? பலே பாண்டியா "அத்திக்காய் காய் காய்" எடுத்துக்குங்க. அத்திக்காய்னா காயும்தான், நிலாவைப் பாத்து "அந்த திக்குல காய்"னு சொல்றதும்தான். இத்திக்காய் காயாதேன்னா "இந்தப் பக்கம் காயாதே". இப்படி பாட்டு பூரா காயா கொட்டிருக்காரு, கோயம்பேடு மார்க்கெட்டே தோத்துச்சு. நாலு பேர் வேற மாத்தி மாத்தி பாடறாங்க. மெட்டு கொஞ்சம் இறுக்கமா இருந்திருந்தா அந்த ரெட்டை அர்த்தம் ஒண்ணும் காதுல விழுந்திருக்காது, வெறும் காய்கறி லிஸ்ட் ஆயிருக்கும். ஒவ்வொரு "காய்"லயும் லேசா நின்னு போக இடம் விட்டிருக்காங்க பாருங்க, அதான் இசையமைப்பாளர் கவிஞருக்கு குடுக்கற மரியாதை. எம்.எஸ்.வியும் கவிஞரும் பிறந்ததுகூட ஒரே தேதி, ஜூன் 24, ஒரு வருஷம்தான் வித்தியாசம்.

ராத்திரி_ரேடியோ:
மகாதேவன் மேட்டருக்கு மன்னிச்சுக்குங்க 🙏 மூச்சு விடற இடம் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், "சொன்னது நீதானா"ல அந்த சித்தார் வர்ற இடத்துல நிஜமாவே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்ப பிரிஞ்சப்புறம் ஏதாவது குறைஞ்சுதா?

வில்லும்_தந்தியும்:
1966ஐ மட்டும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு கேளுங்க. எம்.எஸ்.வி தனியா அன்பே வா, துள்ளலும் வேகமும், ஒரு குறையும் சொல்ல முடியாது. ராமமூர்த்தி தனியா மறக்க முடியுமா படத்துல "காகித ஓடம்", கலைஞர் எழுதினது, சுசீலா. அவ்ளோ மெதுவா அழற பாட்டை மெட்டு போடத் தெரியாதவர் போட்டிருக்க முடியாது, அதனாலதான் "மெட்டு அவர், வாத்தியம் இவர்"ங்கற கணக்கை நான் முழுசா நம்பறதில்ல. என்ன, அவருக்கு படம் கம்மியாதான் வந்துச்சு.

நாலரைக்கட்டை:
1995ல எங்கிருந்தோ வந்தான்ல மறுபடி ஒண்ணா சேந்தாங்களே, அதை யாரும் சொல்லல? முப்பது வருஷம் கழிச்சு அதே ரெண்டு பேர் டைட்டில்ல. அது கேட்டிருக்கீங்களா யாராவது? நான் இன்னிக்கு ராத்திரி உக்காந்து கேக்கப் போறேன், அந்த மூச்சு டெஸ்ட்டோட.